பேஸ்பால் பேட்டிங் பட்டியலைப் படிப்பது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் மொத்தம் 30 அணிகள். அமெரிக்கன் லீகில் 15, நேஷனல் லீகில் 15. மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை ஒவ்வொரு அணியும் 162 ஆட்டம் ஆடுகிறது. அநேகமாகத் தினமும் ஆட்டம். இத்தனையையும் உட்கார்ந்து பார்க்க யாராலும் முடியாது. அதனால் அங்கே இருக்கும் ரசிகர்களே காலையில் எழுந்ததும் முதலில் பார்ப்பது பட்டியலைத்தான்: யார் எவ்வளவு அடிக்கிறார், யார் முதலிடம், நேற்று யார் சறுக்கினார்.

புதிதாக வருபவர்கள் அந்தப் பட்டியலின் முதல் வரியில் இருக்கும் பெயரைப் பார்த்து, இந்த வருஷத்தின் பெரிய பேட்டர் இவர்தான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சில வருஷம் அது சரியாக இருக்கும். பல வருஷம் இருக்காது. பட்டியலில் இருக்கும் முக்கியமான எண்கள் பலவும் ஒன்றை இன்னொன்றால் வகுத்து வந்தவை. மேலே இருக்கும் எண்ணை எல்லோரும் பார்ப்பார்கள். கீழே, வகுக்கும் இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கப் பழகிவிட்டால் இந்தப் பட்டியல் உங்களை ஏமாற்றாது. இந்தக் கட்டுரை முழுக்க அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

1. பக்கத்தைத் திறப்பது

மேஜர் லீகின் சொந்தத் தளத்திலேயே 'ஸ்டாட்ஸ்' பகுதி இருக்கிறது, செயலியிலும் உண்டு. தொடக்கத்துக்கு அது போதும். கொஞ்சம் பழகியதும் பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்துக்குப் போங்கள். பார்வைக்குப் பழைய காலத்துத் தளம் மாதிரிதான் இருக்கும், ஆனால் 19ஆம் நூற்றாண்டு வரைக்குமான கணக்கு அங்கே கிடைக்கிறது. ஓர் ஆட்டக்காரரின் பக்கத்தில் ஓர் எண் தடித்த எழுத்தில் இருந்தால், அந்த ஆண்டு அந்த லீகில் அவர்தான் அதில் முதலிடம். பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் இடது கை பேட்டர். # இருந்தால் இரண்டு பக்கமும் நின்று ஆடுபவர்.

நேரத்தையும் ஒரு தடவை கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் இரவு 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இந்தியாவிலும் இலங்கையிலும் விடியற்காலை 4.30. கலிஃபோர்னியாவில் 7 மணிக்குத் தொடங்குவது நமக்குக் காலை 7.30. ஆகவே நேற்றைய பட்டியல் முழுசாகச் சேர்ந்து முடிய நமக்கு முற்பகல் 11 மணி ஆகிவிடும். காலை 7 மணிக்குப் பார்த்துவிட்டு "இவர் முதலிடம்" என்று யாரிடமும் பந்தயம் கட்டாதீர்கள்.

2. முதலில் ஆவரேஜ்

பேட்டிங் ஆவரேஜ் என்பது ஹிட்களை அட்-பேட்களால் வகுத்தது. 500 அட்-பேட்டில் 150 ஹிட் என்றால் .300. புள்ளிக்கு முன்னால் பூஜ்யம் போடுவதில்லை. பேச்சில் 'முந்நூறு' என்றே சொல்வார்கள். கிரிக்கெட்டில் ஆவரேஜ் என்பது ஓர் அவுட்டுக்கு எத்தனை ரன் என்ற கணக்கு. இங்கே அது பத்துக்கு எத்தனை முறை அடித்துப் பத்திரமாகப் பேஸ் (ஓடிச் சேர வேண்டிய நான்கு முனைகளில் ஒன்று; நான்கையும் சுற்றி வந்தால் ஒரு ரன்) சேர்ந்தார் என்ற விகிதம். பத்தில் மூன்று என்றாலே பெரிய ஆள். 2024இல் மொத்த மேஜர் லீகின் ஆவரேஜ் .243தான், அதாவது நான்கில் ஒன்றுகூட இல்லை.

சரி, அட்-பேட் என்றால் என்ன? பேட்டோடு வந்து நின்ற ஒவ்வொரு முறையும் அட்-பேட் ஆகாது. குழப்பம் ஆரம்பிக்கும் இடம் இதுதான். வந்து நின்ற எல்லா முறையும் சேர்ந்தது ப்ளேட் அப்பியரன்ஸ், பட்டியலில் பி.ஏ. அதிலிருந்து சிலவற்றைக் கழித்தால் மிஞ்சுவது அட்-பேட், அதாவது ஏ.பி. கழிப்பவை: நான்கு தவறான பந்துகளைப் பொறுமையாக விட்டுவிட்டு முதல் பேஸுக்கு நடந்து போகும் வாக், பந்து உடம்பில் பட்டுப் பேஸ் கிடைப்பது, தான் அவுட்டாகி இன்னொருவரை ரன் எடுக்க வைக்கும் சாக்ரிஃபைஸ் ஃப்ளை, அதே போல, பேட்டைச் சுழற்றாமல் பந்தை மெல்லத் தட்டி மற்றவரை ஒரு பேஸ் நகர்த்தும் சாக்ரிஃபைஸ் பன்ட்.

இதன் வித்தியாசம் எவ்வளவு பெரிசாகப் போகும் என்பதற்கு 2004இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் பாரி பாண்ட்ஸைப் பாருங்கள். அந்த ஆண்டு அவர் 617 முறை வந்து நின்றார். அட்-பேட்டோ வெறும் 373. எதிரணிகள் அவருக்குப் பந்து போடவே பயந்து 232 முறை வாக் கொடுத்தன. அதில் 120 வேண்டுமென்றே கொடுத்தவை. அவருடைய ஆவரேஜ் .362. ஆனால் அந்த 232 முறை அவர் பேஸுக்குப் போனது ஆவரேஜ் கணக்கில் எந்த இடத்திலும் இல்லை.

இன்னொன்று. பீல்டர் பந்தைக் கைதவறவிட்டதால் பேட்டர் பேஸ் சேர்ந்தால் அது ஹிட் இல்லை, எரர். அட்-பேட் மட்டும் ஏறும், ஆவரேஜ் இறங்கும். ஹிட்டா எரரா என்று தீர்மானிப்பவர் மைதானத்தில் பத்திரிகையாளர் பகுதியில் உட்கார்ந்திருக்கும் அதிகாரபூர்வ ஸ்கோரர், ஒரே ஒரு மனிதர். மறுபடி பார்த்துவிட்டு அவர் முடிவை மாற்றிக்கொள்ளலாம், அணியோ ஆட்டக்காரரோ மேல்முறையீடும் செய்யலாம். ஆட்டமே ஆடாத நாளில் ஒருவருடைய ஆவரேஜ் இரண்டு புள்ளி (.300லிருந்து .302 என்பது போல) கூடியோ குறைந்தோ இருந்தால் தளத்தில் கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

3. பட்டியலில் யாரெல்லாம் இருக்கலாம்

தளங்களில் 'குவாலிஃபைட்' என்று ஒரு வடிகட்டி இருக்கும். அதை எடுத்துவிட்டுப் பாருங்கள். ஒரே ஒரு முறை வந்து ஒரு ஹிட் அடித்துவிட்டுப் போன யாரோ ஒருவர் 1.000 என்று உச்சியில் உட்கார்ந்திருப்பார். அதைத் தடுக்கத்தான் குறைந்தபட்சத் தகுதி.

விதி எளிது: அணி ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையை 3.1ஆல் பெருக்குங்கள். அத்தனை பி.ஏ. இருக்க வேண்டும். 162 ஆட்டத்துக்கு 502. சீசன் நடுவில் அணி 80 ஆட்டம் ஆடியிருந்தால் 248. ஜப்பானிலும் இதே 3.1தான். அங்கே 143 ஆட்டம் என்பதால் 443. கொரியாவில் 144 ஆட்டத்துக்கு 446. காயம் பட்டு ஒரு மாதம் வெளியே இருந்தவர் பட்டியலிலிருந்து திடீரென்று காணாமல் போவதும், திரும்பி வந்து இரண்டு வாரம் ஆடியதும் மேலே முளைப்பதும் இதனால்தான்.

முன்பு இந்த விதி இப்படி இல்லை. 1954இல் குறைந்தது 400 அட்-பேட் வேண்டும் என்றிருந்தது. பாஸ்டனின் டெட் வில்லியம்ஸ் அந்த ஆண்டு .345. ஆனால் 136 வாக் வாங்கியிருந்ததால் அவருக்கு 386 அட்-பேட்தான் சேர்ந்தது. ஆவரேஜில் முதலிடம் வருபவருக்கான பேட்டிங் பட்டம் .341 அடித்த கிளீவ்லாந்தின் பாபி அவிலாவுக்குப் போனது. பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்) பயந்து பந்து போடாமல் விட்டதற்காக ஒருவரைத் தகுதியில்லாதவர் என்று சொன்ன விதி அது. இப்போதைய 3.1 விதி 1957இல் வந்தது. அந்தக் காலத்து 154 ஆட்டத்துக்கு 477 பி.ஏ. போதும். வில்லியம்ஸுக்கு 526 இருந்தது.

இப்போதைய விதியிலும் ஒரு சந்து இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்த சந்து. தகுதிக்குச் சில பி.ஏ. குறைந்தால், குறைந்த எண்ணிக்கையை ஹிட் இல்லாத அட்-பேட்டாகச் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். அப்படிச் சேர்த்த பிறகும் அவர்தான் முதலிடம் என்றால் பட்டம் அவருக்கே. 1996இல் சான் டியேகோவின் டோனி குவின் 498 பி.ஏ.யோடு முடித்தார். நான்கு குறைவு. 451 அட்-பேட்டில் 159 ஹிட், ஆவரேஜ் .353. நான்கு முறை வந்து நான்கிலும் அவுட் ஆனார் என்றே வைத்துக்கொள்வோம்: 159ஐ 455ஆல் வகுத்தால் .349. அடுத்த இடத்தில் இருந்த எல்லிஸ் பர்க்ஸ் .344. ஆக, குவினுக்கே பட்டம். பதிவிலும் .353 என்றே இருக்கிறது. சேர்த்த நான்கும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மட்டும்தான்.

இதே சந்தில் 2012இல் ஒரு சங்கடம் வந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவின் மெல்கி கப்ரேரா .346 அடித்திருந்தபோது ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டி 50 ஆட்டத் தடை வாங்கினார். அவரிடம் இருந்தது 501 பி.ஏ. ஒன்றே ஒன்று குறைவு. ஒரு வெற்று அட்-பேட்டைச் சேர்த்தாலும் .346 அசையாது, பட்டம் அவர் மடியில் விழுந்திருக்கும். அவரே தன்னைக் கணக்கிலிருந்து எடுத்துவிடச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். லீகும் ஆட்டக்காரர் சங்கமும் பேசி அந்த ஆண்டுக்கு விதியைத் திருத்தின. அவருடைய அணியிலேயே இருந்த பஸ்டர் போசி .336 அடித்துப் பட்டம் வாங்கினார்.

4. லீகைப் பிரித்துப் பாருங்கள்

பட்டம் ஒன்று இல்லை, இரண்டு. அமெரிக்கன் லீகுக்கு ஒன்று, நேஷனல் லீகுக்கு ஒன்று. 2016 முதல் அமெரிக்கன் லீக் பட்டம் ராட் கரூ பெயரிலும், நேஷனல் லீக் பட்டம் டோனி குவின் பெயரிலும் இருக்கின்றன. மொத்தப் பட்டியலில் ஏழாவதாக இருப்பவர் தன் லீகில் முதலிடமாக இருக்கலாம்.

சீசன் நடுவில் ஒருவரை இன்னொரு லீகுக்கு மாற்றிவிட்டால்? ஒரு லீகில் அடித்தது அந்த லீகோடு நின்றுவிடும். 1990 ஆகஸ்ட் கடைசியில் வில்லி மெகீயை செயின்ட் லூயிஸ் அணி அமெரிக்கன் லீகில் இருந்த ஓக்லாந்துக்குக் கொடுத்துவிட்டது. அப்போது அவர் .335. தகுதிக்கு வேண்டிய பி.ஏ. ஏற்கெனவே சேர்ந்துவிட்டதால் அந்த .335 அப்படியே உறைந்து நின்றது. லாஸ் ஏஞ்சலீஸின் எடி மர்ரே கடைசி வரை ஆடி .330 அடித்தார். அந்த ஆண்டு இரண்டு லீகும் சேர்த்து முழு சீசனுக்கு அதற்கு மேல் யாரும் அடிக்கவில்லை. ஆனாலும் நேஷனல் லீக் பட்டம், அந்த லீகிலேயே இல்லாத மெகீக்குப் போனது.

5. அடுத்த மூன்று எண்கள்

ஆவரேஜுக்குப் பக்கத்தில் ஓ.பி.பி., எஸ்.எல்.ஜி., ஓ.பி.எஸ். என்று மூன்று இருக்கும். புதியவர்கள் இவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். உண்மையான ஆட்டம் இங்கேதான் தெரிகிறது.

ஓ.பி.பி. என்பது எத்தனை விகிதம் எப்படியோ பேஸ் போய்ச் சேர்ந்தார் என்பது. ஹிட், வாக், உடம்பில் பட்டது மூன்றும் சேரும். வகுப்பது கிட்டத்தட்ட எல்லா பி.ஏ.யாலும். எஸ்.எல்.ஜி. என்பது அடியின் கனம். ஓர் அடியில் எத்தனை பேஸ் போனார் என்பதை வைத்து, சிங்கிளுக்கு 1, டபுளுக்கு 2, ட்ரிபிளுக்கு 3, ஹோம் ரன்னுக்கு 4 என்று கூட்டி அட்-பேட்டால் வகுக்க வேண்டும். ஓ.பி.எஸ். இந்த இரண்டின் கூட்டல், அவ்வளவுதான். வேறு வேறு எண்ணால் வகுத்த இரண்டைக் கூட்டுவது கணக்கு வாத்தியாருக்குப் பிடிக்காது. ஆனால் யார் நல்ல பேட்டர் என்பதை இது ஆவரேஜைவிட நன்றாகவே காட்டிக்கொடுக்கிறது.

2022 அமெரிக்கன் லீகை எடுத்துக்கொள்வோம். பட்டம் வாங்கியவர் மின்னசோட்டாவின் லூயிஸ் அராயிஸ், .316. நியூயார்க் யாங்கீஸின் ஆரோன் ஜட்ஜ் .311. முதல் வரியை மட்டும் பார்த்தால் அராயிஸ்தான் பெரிய ஆள். இப்போது பிரித்துப் பாருங்கள்.

அராயிஸ் 547 அட்-பேட்டில் 173 ஹிட். ஜட்ஜ் 570 அட்-பேட்டில் 177 ஹிட். ஹிட் எண்ணிக்கையிலேயே ஜட்ஜ் முன்னால் இருக்கிறார். அராயிஸின் 173இல் 133 சிங்கிள், 31 டபுள், 1 ட்ரிபிள், 8 ஹோம் ரன். கூட்டினால் 230 பேஸ், எஸ்.எல்.ஜி. .420. ஜட்ஜின் 177இல் 87 சிங்கிள், 28 டபுள், 62 ஹோம் ரன். 87, 56, 248 மூன்றையும் கூட்டினால் 391 பேஸ். எஸ்.எல்.ஜி. .686. அந்த 62 அமெரிக்கன் லீகின் சாதனையும்கூட. வாக் கணக்கில் அராயிஸுக்கு 50, ஜட்ஜுக்கு 111. ஓ.பி.பி. .375க்கு எதிராக .425. ஓ.பி.எஸ். பார்த்தால் அராயிஸ் .795, ஜட்ஜ் 1.111. ஆவரேஜில் ஐந்து புள்ளி பின்னால் இருந்தவர் இங்கே முந்நூறு புள்ளிக்கு மேல் முன்னால்.

அதற்காக அராயிஸைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2023இல் மயாமிக்கு ஆடி .354, 2024இல் சான் டியேகோவோடு .314 என்று, மூன்று ஆண்டு தொடர்ந்து மூன்று வேறு அணிகளுக்கு ஆடிப் பட்டம் வாங்கியவர். பந்தை நழுவவே விடாத கை. பார்க்கவும் அழகு. ஆனால் ஒரு சிங்கிளையும் ஒரு ஹோம் ரன்னையும் ஒரே ஹிட்டாக எண்ணும் பட்டியலில்தான் அவர் முதலிடம் என்பதை மறக்கக் கூடாது.

தோராய அளவுக்கு: ஓ.பி.எஸ். .700 சுமார், .800 நல்லது, .900 நட்சத்திரம், 1.000 தாண்டினால் அந்த ஆண்டின் பேச்சே அவரைப் பற்றித்தான்.

6. ஹோம் ரன், ஆர்.பி.ஐ.

இவை வகுக்காத வெறும் எண்ணிக்கைகள். ஹோம் ரன்னில் விளக்க ஒன்றும் இல்லை. ஆர்.பி.ஐ. என்பது தன் அடியால் எத்தனை பேரை ரன் எடுக்க வைத்தார் என்பது. முன்னால் இருப்பவர்கள் பேஸில் நின்றால்தான் இவரால் ரன் சேர்க்க முடியும். பலவீனமான அணியில் மாட்டிக்கொண்ட நல்ல பேட்டருக்கு ஆர்.பி.ஐ. ஏறாது. 2024இல் ஓஹ்தானி ஷோஹே பெரும்பகுதி முதல் ஆளாகவே இறங்கி 130 ஆர்.பி.ஐ. எடுத்தார். முதல் ஆள் ஆட்டத்தைத் தொடங்கும்போது பேஸில் யாருமே இருக்க மாட்டார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த 130இன் எடை புரியும்.

ஆவரேஜ், ஹோம் ரன், ஆர்.பி.ஐ. மூன்றிலும் ஒரே ஆண்டில் தன் லீகில் முதலிடம் பிடித்தால் அதற்கு ட்ரிபிள் கிரவுன் என்று பெயர். கடைசியாக வாங்கியவர் டெட்ராய்ட்டின் மிகெல் கப்ரேரா, 2012இல்: .330, 44, 139. அதற்கு முன் வாங்கியவரைத் தேட 1967க்குப் போக வேண்டும், பாஸ்டனின் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி.

7. எந்த ஊரில் அடித்தார்

டென்வர் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரம். காற்று மெல்லிசு. அடித்த பந்து கூடுதல் தூரம் போகும், பிட்சர் வளைத்து வீசும் பந்து அவ்வளவாக வளையாது. பந்து ரொம்பப் பறக்கும் என்று தெரிந்தே மைதானத்தைப் பெரிதாகக் கட்டினார்கள். அதனால் பீல்டர்களுக்கு இடையே இடைவெளி கூடி, ஹிட் விழ இன்னும் இடம் கிடைத்தது. டென்வரைச் சொந்த ஊராகக் கொண்ட கொலராடோ அணி 1993இல்தான் ஆட வந்தது. வந்த ஆண்டே ஆந்த்ரேஸ் கலராகா .370 அடித்துப் பட்டம் வாங்கினார். 2017க்குள் அந்த அணிக்கு 11 பட்டங்கள்.

1999இல் லேரி வாக்கர் .379. அபாரம்தான். ஆனால் அவர் பக்கத்தில் 'ஸ்ப்ளிட்ஸ்' என்பதைத் தட்டுங்கள்: சொந்த ஊரில் .461, வெளியூரில் .286. கொலராடோ ஆட்டக்காரர் யாராவது பட்டியலில் மேலே வந்தால் இந்த ஒரு தட்டைத் தவறாமல் தட்டுங்கள். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் 'ஓ.பி.எஸ். பிளஸ்' என்ற எண்ணைப் பார்க்கலாம். மைதானத்தையும் அந்த ஆண்டின் லீக் நிலவரத்தையும் கணக்கில் எடுத்து, சராசரி ஆட்டக்காரரை 100 என்று வைத்துச் சொல்வது அது. 150 என்றால் சராசரியைவிட 50 சதவீதம் மேல்.

8. எந்த ஆண்டு, எந்த மாதம்

ஒரு காலத்து .300ம் இன்னொரு காலத்து .300ம் ஒன்றில்லை. 1968இல் பிட்சர்கள் ஆட்டத்தையே நெரித்துவிட்டார்கள். யஸ்ட்ரெம்ஸ்கி .301 அடித்து அமெரிக்கன் லீக் பட்டம் வாங்கினார். அடுத்த ஆண்டே பிட்சர் நிற்கும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள். நம் காலத்திலும் பிட்சர்கள் கைதான் ஓங்கியிருக்கிறது. இரண்டாம் பேஸின் ஒரே பக்கத்தில் பீல்டர்களைக் குவிக்கக் கூடாது என்று 2023இல் விதி கொண்டுவந்தும் லீக் ஆவரேஜ் .243லிருந்து .248க்கு ஏறி, மறுஆண்டே பழைய இடத்துக்கு இறங்கிவிட்டது. 2025இல் நேஷனல் லீக் பட்டத்துக்கு .304 போதுமாக இருந்தது. ஃபிலடெல்ஃபியாவின் ட்ரே டர்னர் அதை அடித்தார். அந்த லீக் வரலாற்றிலேயே பட்டம் வாங்கிய ஆவரேஜ்களில் இதுதான் குறைவு.

மாதம் இன்னும் முக்கியம். ஏப்ரலில் ஒருவர் 50 அட்-பேட்டில் 20 ஹிட் அடித்து .400இல் நிற்பார். அடுத்த முறை ஒரு ஹிட் விழுந்தால் .412. விழாவிட்டால் .392. ஒரே ஒரு பந்தில் இருபது புள்ளி வித்தியாசம். அதே ஆள் செப்டம்பரில் 550க்கு 180 என்று .327இல் இருக்கும்போது ஒரு ஹிட் விழுந்தால் .328. ஒரு நாள் முழுக்க நான்கு முறை வந்து ஒன்றுமே அடிக்காவிட்டாலும் .325தான். ஏப்ரல் பட்டியலை வேடிக்கை பார்க்கலாம், நம்பக் கூடாது. ஜூன் கடைசிக்குப் பிறகு பார்க்கத் தொடங்கினால் நேரம் மிச்சம்.

ஏப்ரலில் .400 அடிப்பவர் நிஜமாகவே நன்றாக அடிக்கிறாரா, அதிர்ஷ்டமா என்று அறிய ஆசை இருந்தால் பேஸ்பால் சாவன்ட் தளம் இருக்கிறது. பேட்டிலிருந்து பந்து எந்த வேகத்தில், எந்தக் கோணத்தில் கிளம்பியது என்று 2015 முதல் ஒவ்வொரு அடியையும் அளந்து, இப்படி அடித்தால் ஆவரேஜ் எவ்வளவு வந்திருக்க வேண்டும் என்று அதில் போடுகிறார்கள். நிஜ எண் அதைவிட அறுபது, எழுபது புள்ளி மேலே இருந்தால் பெரும்பாலும் நிஜ எண்தான் இறங்கி வரும்.

9. கடைசி வாரம்

செப்டம்பர் கடைசி வாரத்தில் மூன்று இலக்கம் போதாது. 1949இல் ஹோம் ரன்னில் வில்லியம்ஸ் முதலிடம், ஆர்.பி.ஐ.யில் தன் அணிக்காரர் ஒருவரோடு சேர்ந்து முதலிடம். ஆவரேஜில் டெட்ராய்ட்டின் ஜார்ஜ் கெல்லும் அவரும் இருவருமே .343. கெல் 522க்கு 179, அதாவது .3429. வில்லியம்ஸ் 566க்கு 194, அதாவது .3428. ட்ரிபிள் கிரவுன் நான்காவது இலக்கத்தில் போயிற்று. ஆகவே இருவர் ஒட்டி வரும்போது ஹிட்டையும் அட்-பேட்டையும் எடுத்து நீங்களே கைபேசியில் வகுத்துப் பாருங்கள்.

யார் ஆடுகிறார், யார் உட்காருகிறார் என்றும் பார்க்க வேண்டும். 2011 கடைசி நாளில் நியூயார்க் மெட்ஸின் ஹோசே ரேயஸ் முதல் இன்னிங்ஸில் ஒரு பன்ட் தட்டி ஹிட் வாங்கியதும் ஆட்டத்தை விட்டு வெளியேறிவிட்டார். .337. துரத்தி வந்த மில்வாக்கியின் ரையன் பிரான் அன்று ஒன்றும் அடிக்காமல் .332இல் முடித்தார். விதிப்படி தப்பில்லை. எனக்கு ருசிக்கவில்லை, அவ்வளவுதான்.

1910இல் இதைவிட மோசம். பேட்டிங்கில் முதலிடம் வருபவருக்கு சால்மர்ஸ் நிறுவனம் ஒரு கார் பரிசு அறிவித்திருந்தது. ஆவரேஜில் முன்னால் இருந்த டை காப்பை யாருக்கும் பிடிக்காது. கடைசி நாளில் அவருடைய போட்டியாளர் நாப் லஜோய்க்கு வசதியாக, அன்று எதிரணியாக இருந்த செயின்ட் லூயிஸின் மேனேஜர் தன் மூன்றாம் பேஸ் ஆளைப் பின்னால் தள்ளி நிற்கச் சொன்னார். லஜோய் அந்தக் காலி இடத்தில் பன்ட் பன்ட்டாகத் தட்டி, இரண்டு ஆட்டத்தில் 8 ஹிட் எடுத்தார். மேனேஜருக்கு வேலை போனது. நிறுவனம் இருவருக்குமே கார் கொடுத்துப் பிரச்சினையை முடித்தது.

வில்லியம்ஸ் 1941இல் செய்தது வேறு. செப்டம்பர் 28, ஃபிலடெல்ஃபியாவில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம். காலையில் அவர் கணக்கு 448க்கு 179, அதாவது .39955. பதிவில் .400 என்று ஏறிவிடும். உட்கார்ந்துகொள் என்று மேனேஜர் ஜோ குரோனின் சொல்லியும் கேட்காமல் இரண்டிலும் ஆடினார். முதல் ஆட்டத்தில் 5க்கு 4. இரண்டாவதில் 3க்கு 2. 456க்கு 185, .406. அதற்குப் பிறகு முழு சீசன் ஆடி அமெரிக்கன் லீகிலோ நேஷனல் லீகிலோ யாரும் .400ஐத் தொடவில்லை.

இப்போதெல்லாம் கடைசி ஞாயிறு எல்லா ஆட்டங்களையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், நியூயார்க் நேரம் பிற்பகல் 3 மணி வாக்கில் தொடங்குகிறார்கள். நமக்கு அது நள்ளிரவு 12.30, அதாவது திங்கள் பிறந்துவிட்டிருக்கும். கண் விழிக்க முடிந்தால் பட்டப் போட்டியில் இருக்கும் இருவரின் ஆட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வையுங்கள். இல்லாவிட்டால் காலையில் பாருங்கள். ஸ்கோரர் ஏதாவது ஹிட்டை எரராக மாற்றியிருக்கிறாரா என்று மறுநாளும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அக்டோபரில் சாம்பியனைத் தீர்மானிக்க நடக்கும் ப்ளேஆஃபில் அடிப்பது எதுவும் இந்தக் கணக்கில் சேராது.